அச்சம் நான்கு, மிஞ்சியது ஒன்று

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். பேயும் புலியும் கள்ளனும் நிற்கிற அதே வரிசையில் அரசனும் நிற்கிறான் என்பது நமக்கு உறுத்துவதில்லை. அதிலும் பகையரசன் இல்லை, ‘தம்’ அரசன்.

சங்கப் பிரதி இந்த உறுத்தலைக் காதலாக மாற்றிவிடுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்ளப் பெண்கள் நடுங்குகிறார்கள். நாய்களின் குரைப்பை அடக்குகிறவன் தலைவனாகிறான். அந்த நாய்கள் யாரோடு வந்தவை? அவனோடு வந்தவைதான். அச்சத்தைக் கொண்டுவருகிறவனே அபயமும் தருகிறான். அதிகாரத்தின் பழைய வித்தை இது.

விலங்குகளுக்கு அச்சம் என்பது இடத்தைப் பற்றிய அறிவு. எங்க ஊர் தேவதானத்துக்கு மேற்கே நிற்கிற மலைத்தொடரில் 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் வந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் வந்தது. கிளைக்குக் கிளை தாவி வாழ்கிற அந்த அணில், மரத்தொடர் அறுந்த இடத்தில் தரையிறங்க வேண்டும். இறங்கினால் ஆபத்து என்பது அதற்குத் தெரியும். ஆனால் அச்சம் தனியாகவே வேலை செய்யும் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. கனடாவில் சிட்டுக்குருவி இனமொன்றின் கூடுகளை நிஜ எதிரிகள் அண்டாமல் காத்துவிட்டு, அந்த எதிரிகளின் குரலை மட்டும் ஒலிபரப்பினார்கள். குஞ்சுகள் 40 சதவீதம் குறைந்தன என்று 2011இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. பாயாமலே கொல்லலாம்.

பூமணியின் ‘வெக்கை’யை (1982) இங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். ‘அசுரன்’ (2019) படத்துக்குப் பிறகு அது பழிவாங்கும் கதை என்றே பேசப்படுகிறது. கொலை தொடக்கத்திலேயே முடிந்துபோகிறது, மிச்சமெல்லாம் ஒளிதல். சிறுவன் சிதம்பரமும் அய்யாவும் காட்டில் பொங்கித் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், படுத்துறங்க இடம் தேடுகிறார்கள். அணங்கும் விலங்கும் அவர்களை ஒன்றும் பண்ணவில்லை. காடு சோறு போடுகிறது, ஊர்தான் துரத்துகிறது. கடைசியில் அவர்கள் போவதும் கோர்ட்டுக்குத்தான். ஓடுறவனுக்குப் போக்கிடமும் தம் இறைதான்.

1992 ஜூன் 20இல் வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடி அரசே நுழைந்தது. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கள்வரைத் தேடி வந்த இறைக்கும் கள்வருக்கும் என்ன வித்தியாசம்? இலக்கணம் நான்காகப் பிரித்தது அங்கே ஒன்றாகிவிட்டது.

வேட்டைக்காரன் பக்கம் நின்று ரசிக்க நமக்குச் செய்யுள்கள் நிறைய இருக்கின்றன. மரத்தொடர் எங்கே அறுந்தது, அறுத்தவன் யார் என்று கேட்காத விமர்சனம், தழையை வீசி நாயை அடக்குகிற தலைவனுக்குக் கைதட்டுகிற வேலையைத்தான் செய்கிறது.