ஏழாண்டு இடைவெளியும் இயக்குநரின் பார்வையும்: மைக்கேல் ஆப்டெட்டின் ‘அப்’ தொடர்

ஆவணப்பட இயக்குநரின் ஆளுமையை அவர் கையாண்ட பொருள்களின் பன்மையைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடுகிறோம். பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் ஆப்டெட்டை அவ்வாறு மதிப்பிடுதல் பொருந்தாது. ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ (1980), ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’ (1999) முதலிய திரைப்படங்களை இயக்கியவராயினும், தொலைக்காட்சியில் ஒரே பொருளுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்தவர் அவர்.

1964இல் கிரனாடா தொலைக்காட்சி ‘செவன் அப்!’ என்னும் நிகழ்ச்சியைத் தயாரித்தது. பால் ஆல்மண்ட் இயக்கிய அதில், சிறுவர்களைத் தேடிக் கண்டறியும் பணியில் ஆப்டெட் ஈடுபட்டார். வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறார் பதினால்வர் அதில் இடம்பெற்றனர். பிறந்த வர்க்கமே வாழ்வை முடிவுசெய்கிறது என்பது அதன் கருதுகோள். ஒரே நிகழ்ச்சியாகத் திட்டமிடப்பட்ட அம்முயற்சியை 1970 முதல் ஆப்டெட்டே இயக்கினார். ஏழாண்டுக்கு ஒருமுறை எனத் தொடர்ந்து, 2019இல் ‘63 அப்’ வரை அது நீண்டது. 2021இல் அவர் மறைந்தார்.

இத்தொடரை வர்க்க ஏற்றத்தாழ்வின் சான்றாகவே பலரும் போற்றுவர். அதனை நாம் மறுக்கவில்லை. செல்வர் வீட்டுச் சிறுவர் ஏழு வயதிலேயே தாம் பயிலவிருக்கும் பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் கூறினர். அது பெரிதும் பலித்தது. எனினும், கருதுகோள் பிசகும் இடங்களிலேயே தொடரின் வலிமை வெளிப்படுகிறது எனலாம். யார்க்‌ஷயர் பண்ணைச் சிறுவர் ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கிழக்கு லண்டன் இளைஞர் ஒருவர் சிறை செல்லக்கூடும் என எண்ணிய ஆப்டெட், ‘21 அப்’ படப்பிடிப்பில் குற்றம் மலிந்த தெருக்கள் வழியே அவரைக் காரோட்டச் செய்தார். அவரோ டாக்சி ஓட்டுநராகிக் குடும்பம் பேணி வாழ்ந்தார்.

பதினால்வருள் பெண்கள் நால்வரே. இளம்பருவத்தில் அவர்களிடம் திருமணம் பற்றியே மிகுதியும் வினவப்பட்டது. அவர்களுள் ஒருவர் ‘63 அப்’பில் இதனை இயக்குநரின் முகத்துக்கு நேரே கண்டித்தார். ஆப்டெட் அக்காட்சியை வெட்டாமல் ஒளிபரப்பினார்.

படத்தொகுப்பின் அதிகாரம் இறுதிவரை இயக்குநரிடமே இருந்தது என்பது உண்மையே. ஆயினும், ஒருமுறை படம்பிடித்து விலகிச் செல்லும் ஆவணப்படத்தில், படமாக்கப்பட்டவர்க்கு மறுமொழி கூறும் வாய்ப்பு அரிதாகவே கிட்டும். ஆப்டெட்டின் தொடரில் அவ்வாய்ப்பு ஏழாண்டுக்கு ஒருமுறை வந்தது; பங்குபெற மறுத்து விலகும் உரிமையையும் சிலர் பயன்படுத்தினர். பிறர் வாழ்வை அளக்கப் புகுந்தவர், அவர்களால் தாமும் அளக்கப்படுவதற்கு இடமளித்தார். ஆப்டெட்டின் தொலைக்காட்சிப் பணியில் நிலைத்து நிற்பது இதுவே என்பது நம் துணிபு.