டயல்-அப் லினக்ஸ்: குறை எங்கே இருந்தது?

2000-ஆம் ஆண்டை ஒட்டி வீட்டுக் கணினியில் லினக்ஸ் நிறுவிய பலரும் முதலில் முட்டிக்கொண்ட இடம் டயல்-அப் இணைப்பு. விண்டோஸில் தொலைபேசி எண், பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் நிரப்பினால் பெரும்பாலும் போதும். லினக்ஸில் மோடம் எந்த சீரியல் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து, அதை டயல் செய்யவைக்க 'சாட்' ஸ்கிரிப்ட் எழுதி, கடவுச்சொல்லை ஒரு கோப்பிலும் டிஎன்எஸ் முகவரியை இன்னொரு கோப்பிலும் பதிய வேண்டியிருந்தது. "சாதாரண ஆட்களுக்கு இது ஆகாது" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. அதில் பாதிதான் நியாயம்.

படிகள் தனித்தனியாக வெளியே தெரிந்ததால், இணைப்பு எங்கே அறுந்தது என்பதும் தெரிந்தது. லைன் செத்திருந்தால் 'நோ டயல்டோன்' என்று மோடமே சொல்லிவிடும். 'கனெக்ட்' வந்தபின் 'பாப்' சரிபார்ப்பு தோற்றதாகப் பதிவுக்கோப்பு சொன்னால், பயனர்பெயரையோ கடவுச்சொல்லையோ பார்க்க வேண்டும். ஐபி முகவரி கிடைத்தும் ஒரு பக்கமும் திறக்காத நிலை ஒன்று உண்டு. ஆளை மிகவும் அலைக்கழிப்பது அதுதான். ஈதர்நெட் அட்டைக்கென்று முன்பே ஒரு டிஃபால்ட் ரூட் குறித்திருந்தால், இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரல் அதை மாற்றாது. மாற்றவில்லை என்பதைப் பதிவுக்கோப்பில் ஒரு வரியாக எழுதியும் வைக்கும். அந்த வரியைப் படித்தவர் பழைய ரூட்டை நீக்கிவிட்டு மீண்டும் டயல் செய்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 98 இப்படிப்பட்ட இடங்களில் ஒரு பிழை எண்ணையும் பொதுவான ஒரு வாக்கியத்தையும் காட்டுவதோடு சரி.

விவ்டயல் என்ற நிரல் இந்தச் சுமையை நன்றாகவே குறைத்தது. போர்ட்டுகளைத் தானே துழாவி மோடத்தைக் கண்டுபிடிக்கும். அதனுடன் நடக்கும் பேச்சை வரிவரியாகத் திரையிலும் காட்டும். எளிமைக்காக எதையும் மறைக்காத அந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கடவுச்சொல் அதன் அமைப்புக் கோப்பில் வெற்று எழுத்தாகக் கிடந்தது. கோப்பு அனுமதியைக் கவனிக்காதவருக்கு அது உண்மையான ஆபத்து.

தீராத தலைவலி சாஃப்ட் மோடம். விலையைக் குறைக்க, மோடம் செய்ய வேண்டிய சமிக்ஞை வேலையைக் கணினியின் செயலி மீதே சுமத்தினார்கள். அதற்கான டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் கொடுத்தார்கள். எத்தனை கோப்புகளைத் திருத்தினாலும் அந்த மோடம் அட்டை லினக்ஸில் அசையாது. வெளியே வைக்கும் சீரியல் மோடம் வாங்குங்கள் என்பதுதான் லினக்ஸ் வட்டாரத்தின் வழக்கமான பதில். தொழில்நுட்பப்படி சரிதான். ஆனால் மலிவான அசெம்பிள்டு கணினியோடு அட்டையும் சேர்ந்து வந்தவரிடம், இன்னொரு மோடத்துக்குப் பணம் எடு என்பது கருணையற்ற பதில்.

பிறகு லூசென்ட் மோடம் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் வந்தபோதும் அதன் மையப்பகுதி மூடிய நிரல்தான். லினக்ஸின் மைய நிரலான கெர்னல் மாறினால் டிரைவரை மறுபடியும் கட்ட வேண்டும். கோனெக்ஸன்ட் சில்லுகளுக்கு லினக்ஸன்ட் நிறுவனம் தந்த டிரைவர், இலவசமாக என்றால் நொடிக்கு 14.4 கிலோபிட்டோடு நின்றது. முழு வேகத்துக்குக் காசு. உரிமக் குறிப்பில் 'ஜிபிஎல்' என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு வெற்றுக்குறி வைத்து அந்த டிரைவர் தன்னைத் திறந்த நிரலாகக் காட்டி கெர்னலை ஏமாற்றியது 2004-இல் வெளிப்பட்டது. மூடிய டிரைவருக்கு கெர்னல் காட்டும் எச்சரிக்கைச் செய்திகள் பயனரைக் குழப்பாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கியது. கெர்னல் எழுதியவர்களின் கோபம் நியாயமானது. மூடிய டிரைவரால் வரும் கோளாறைத் தேடும் வேலை அவர்கள் தலையில்தானே விழும்?

என்ன சில்லு என்று கண்டறியும் ஸ்கிரிப்ட் இருந்தது, டிரைவர்களும் இருந்தன. ஆனால் அவற்றைப் பொதுவாக இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டியிருந்தது; மோடம் ஓடாதவருக்கு அந்த இணையமே இல்லை. நிறுவும்போதே சில்லைப் பார்த்து, "இந்த மோடம் வேலை செய்யாது" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், வேலைசெய்யாத அட்டைக்கு ஸ்கிரிப்ட் எழுதி இரவைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.