மொழிப் பாடமும் எளிய கருவிகளும்

மொழி கற்பித்தலிற் கருவிகளுக்குரிய இடம் யாது என்னும் வினா மலைநாட்டு ஆசிரியரிடையே இன்று அடிக்கடி எழுகின்றது. கைத்தொலைபேசி வகுப்பறைக்கு வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் உளர். இருதிறத்தாரும் கருவியை நோக்கினரேயன்றி, அதனைக்கொண்டு மாணாக்கன் செய்வது யாது என நோக்கினாரல்லர்.

நன்னூலார் தம் பொதுப்பாயிரத்திற் பாடங் கேட்டலோடு அமையாது, கேட்டதனை மீள நினைத்தலையும், வினாவுதலையும், வினாயவற்றிற்கு விடை கூறுதலையும் மாணாக்கன் கடனாக வைத்தார். அவன் முயற்சி நிகழாதவழிக் கல்வி நிரம்பாது. கருவிகளை அளத்தற்கும் இதுவே ஏற்ற அளவுகோலாம்.

பழைய திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789இல் சென்னையில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற அந்திரு பெல் என்பார், உள்நாட்டுப் பள்ளியொன்றில் இம்முறையைக் கண்டு தாமும் கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலொன்று வெளியிட்டார். மணலுக்கு விலையில்லை என்பது ஒரு சிறப்பு. பிழைத்த எழுத்தை அழித்து உடனே திருத்தி எழுதலாம் என்பது அதனினும் பெரிய சிறப்பு. அங்கே பிழை நாணத்தைத் தாராது பயிற்சியைத் தந்தது.

2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. தோட்டத்து லயங்கள் பலவற்றிற்கு அலை எட்டவில்லை என்னும் குறை பலராலும் பேசப்பட்டது. எட்டிய இடங்களில் நிகழ்ந்ததனைப் பேசினார் சிலரே. ஆங்கும் ஆசிரியர் குறிப்பைப் படமெடுத்து அனுப்புதலும், பிள்ளை அதனைப் பார்த்தெழுதுதலுமே பல வகுப்புகளில் நிகழ்ந்தன. மொழிப் பாடம் வாய்திறவாப் பாடமாயிற்று.

அக்கருவியிலேயே ஒலிப்பதிவு வசதியும் உண்டு. அதற்கு இணையம் வேண்டா. பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பதிந்து கேட்கட்டும். ‘மழை’ என்பது ‘மளை’ என ஒலித்ததனையும், தொடரை நிறுத்தத்தகாத இடத்தில் நிறுத்தியதனையும் தானே உணர்ந்து, அழித்து மீண்டும் வாசிப்பான். மணல் கைக்குச் செய்ததனை இப்பதிவு நாவுக்கும் செவிக்கும் செய்யும். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துக்கொண்டால், ஆசிரியரிடமுள்ள ஒரு கருவியே வகுப்பு முழுமைக்கும் போதும்.

இவ்வாறு திருத்துதல் வீட்டுப் பேச்சை இழிவெனக் கருதச் செய்யாதோ எனின், அவ்வையம் தக்கதே. அதற்கும் அக்கருவியே விடை தரும். வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி, 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். அவர் காட்டிய வழியிற் பிள்ளைகள் தம் பாட்டியர் பாடும் பாடல்களைப் பதிந்து கொணர்ந்து, வகுப்பிற் கேட்டு எழுதலாம். அப்போது வீட்டு மொழி பிழைப் பட்டியலாக நில்லாது, பாடமாகவே மதிப்புப் பெறும். மேடைத் தமிழும் லயத்துத் தமிழும் தத்தம் இடத்தில் உரியனவே என்பதைப் பிள்ளை தானே அறிவான்.

ஆதலின் எக்கருவியையும் வகுப்பினுட் கொணருமுன் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்கது ஒன்றே: இதனாற் பிள்ளை எத்துணை முறை வாய்திறந்து பேசுவான்?