கைமாறும் காதல் கதைகள்

விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலையின் சங்குக்கு ஏற்ப நாள் நகர்ந்த வீடுகளில், ரமணிசந்திரன் நாவல்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். 1938இல் பிறந்தவர், 150க்கும் மேல் எழுதியவர். பெரும்பாலும் கர்வமுள்ள நாயகன், ரோஷக்காரப் பெண், நடுவில் ஒரு தப்பெண்ணம். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், “ஏட்டி, முடிவைச் சொல்லிராத!” என்று அதட்டல் வரும். எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தானே ருசி!

பழுப்புத் தாளில் மஞ்சள் கறை, சமாதானமாகும் பக்கத்தில் மட்டும் ஆழமான மடிப்பு. அவன் முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா என்று தெருக்குழாயடியில் வழக்கு நடக்கும். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. புருஷன் பொண்டாட்டியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பெண்கள் கூச்சமில்லாமல் விவாதிக்க இந்தக் கதைகள்தான் இடம் கொடுத்தன.