60 சொல் தெரியும், தக்காளி வாங்கத் தெரியாது: ஸ்பானிஷ் மளிகைச் சொற்பட்டியல் குறித்து ஒரு திறனாய்வு

பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் மொழியை விருப்பப்பாடமாகப் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, போன விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். "டீச்சர், மளிகைச் சாமான் பாடத்துல எனக்கு முழு மதிப்பெண்" என்று ஒரு தாளை நீட்டினாள். ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் ஆங்கிலம். மொத்தம் 60 சொற்கள். பால், ரொட்டி, முட்டை, அரிசி, மீன், வெண்ணெய் எல்லாம் இருந்தன.

நானும் சில காலம் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படித்தவள். சும்மா இருக்க முடியவில்லை. "சரிம்மா, நான்தான் கடைக்காரர். அரை கிலோ தக்காளி வாங்கு, பார்ப்போம்" என்றேன். "தொமாத்தே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் "தொமாத்தே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முகம் வாடிப்போய்விட்டது.

குறை அவளிடம் இல்லை, தாளில்தான் இருக்கிறது. இது ஒரு தாளின் குறை மட்டுமும் அன்று. தொடக்கநிலை ஸ்பானிஷ் கற்போருக்குத் தரப்படும் மளிகைப் பட்டியல்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. அதனால் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு அதன் நிறை குறைகளைப் பார்ப்போம்.

முதலில் நிறை. சொற்களைப் பழம், காய்கறி, இறைச்சி, பால்பொருள் என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரோடும் 'எல்', 'லா' என்ற சுட்டிடைச்சொல்லையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். இது நல்ல வேலை. தமிழில் பாலும் ரொட்டியும் அஃறிணை, அவ்வளவுதான். ஸ்பானிஷில் பால் பெண்பால், 'லா லேச்சே'. ரொட்டி ஆண்பால், 'எல் பான்'. சொல்லோடு பாலையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

இனிக் குறைகள். முதல் குறை, பட்டியலில் பெயர்ச்சொல் தவிர வேறு ஒன்றும் இல்லை. கடைக்குப் போகிறவர் பொருளின் பெயரை மட்டும் சொல்வதில்லை, அளவோடு கேட்கிறார். நாம் 'அரை கிலோ தக்காளி', 'அரை கிலோ அரிசி' என்கிறோம். அளவும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே போதும். ஸ்பானிஷில் நடுவே 'தே' என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும்: 'மேதியோ கீலோ தே தொமாத்தேஸ்'. தக்காளியை எண்ண முடியும் என்பதால் அது பன்மையாகிறது. அரிசி அப்படி இல்லை: 'மேதியோ கீலோ தே அர்ரோஸ்'. தமிழ் பேசும் மாணவர் இந்த 'தே'யையும் பன்மை விகுதியையும் விட்டுவிட நிறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் நம் மொழியில் அவை இரண்டும் அங்கே தேவையில்லை. 60 பெயர்களுக்கு இடம் கொடுத்த தாள், இந்த ஒரு வரிக்கு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது குறை, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிறுத்திவிட்டது. மீன் என்பதற்கு 'பேஸ்' என்று போட்டிருக்கிறது. 'பேஸ்' என்றால் தண்ணீரில் நீந்தும் மீன். கடையில் விற்பது 'பெஸ்காதோ', அதாவது பிடிக்கப்பட்டது. நமக்கு ஆற்றிலும் சட்டியிலும் ஒரே மீன்தான். அவர்களுக்கு வலையில் விழுந்ததும் பெயர் மாறிவிடுகிறது. சமையலுக்கு மீன் கேட்பவருக்கு இந்தத் தாள் தவறான சொல்லைக் கொடுத்து அனுப்புகிறது.

மூன்றாவது குறைதான் பெரியது. எந்த ஊர் ஸ்பானிஷ் என்று தாள் சொல்லவே இல்லை. 20 நாடுகளில் முதன்மை மொழியாக இருக்கும் ஒரு மொழியில் காய்கறிக்கு ஒரே பெயர் எப்படி இருக்கும்? உருளைக்கிழங்கு ஸ்பெயினில் பெரும்பாலும் 'பதாத்தா', லத்தீன் அமெரிக்காவில் 'பாபா'. வெண்ணெய்ப்பழம் மெக்சிகோவில் 'அகுவகாத்தே', பெருவிலும் சிலியிலும் 'பால்தா'. 'அகுவகாத்தே' நாவாத் மொழியிலிருந்து வந்தது, 'பால்தா' கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. அந்தந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர்கள் அந்தந்த நாட்டில் நிலைத்துவிட்டன.

பெயர் மாறினால் என்ன, கையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் அது நடக்காது. வெண்ணெய்க்கு இந்தத் தாள் கொடுத்திருக்கும் சொல் 'மந்தேக்கா'. அர்ஜென்டினாவில் அது சரி. மெக்சிகோவில் 'மந்தேக்கா' என்றால் பன்றிக் கொழுப்பு. அங்கே வெண்ணெய்க்குப் பெயர் 'மந்தேகீயா'. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த நமக்கு இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மலாயில் வெண்ணெய் 'மெந்தெகா'. அது போர்த்துகீசிய மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். காதில் விழுந்ததும் 'ஓ, நம்ம மெந்தெகாதானே' என்று நம்பிவிடுவோம். சைவ உணவுக்காரரும், பன்றி இறைச்சி உண்ணாத முஸ்லிம் மாணவரும் அந்த நம்பிக்கையோடு மெக்சிகோ கடையில் நின்றால் என்ன ஆகும்? 'தொர்தீயா'வும் இப்படித்தான். மெக்சிகோவில் அது சோள ரொட்டி. ஸ்பெயினில் அது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்வது. முட்டை சாப்பிடாதவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும். 'மந்தேக்கா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நாட்டின் பெயரைப் போட ஒரு அங்குல இடம் போதும்.

நான்காவது குறை, தமிழ் மாணவருக்கு ஆங்கிலத்தின் வழியே மட்டும் பாதை போட்டிருக்கிறது. நேர்வழி இருக்கிறதே! ஸ்பெயின் சந்தையில் 'மே போனே மேதியோ கீலோ தே தொமாத்தேஸ்?' என்று கேட்பார்கள். 'போனேர்' என்ற வினைக்குப் பொருள் 'போடு', 'வை'. நாம் "அண்ணே, அரை கிலோ தக்காளி போடுங்க" என்கிறோம் அல்லவா? அதே வினை, அதே வழக்கு. கடைக்காரர் நன்கு பழகியவர் என்றால் 'மே போனேஸ்' என்பார்கள். 'போடுங்க' என்பதும் 'போடு' என்பதும் போலத்தான். லத்தீன் அமெரிக்காவில் 'மே தா' என்று கேட்பது பரவலான வழக்கு. அங்கே 'தா' என்றால் தருவது! இது தற்செயலான ஒலி ஒற்றுமைதான், உறவு எதுவும் கிடையாது. ஆனால் நினைவில் வைக்க இதைவிட எளிய வழி வேறென்ன வேண்டும்? இஞ்சிக்கு ஸ்பானிஷில் 'ஹென்ஹீப்ரே', மாம்பழத்துக்கு 'மாங்கோ'. இந்த இரண்டிலும் உறவே இருக்கிறது. இஞ்சியும் மாங்காயும் தென்னிந்தியாவிலிருந்து பல மொழிகளைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போன சொற்கள்.

இப்படியெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா? நியாயம்தான். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்தகுதிச் சட்டகம், மிகத் தொடக்கமான ஏ1 நிலையிலேயே பொருள் கேட்டு வாங்கவும், எண், அளவு, விலை ஆகியவற்றைக் கையாளவும் தெரிய வேண்டும் என்கிறது. எத்தனை சொல் தெரியும் என்பதை விட, தெரிந்ததை வைத்து என்ன செய்ய முடியும் என்பதே அங்கே அளவுகோல்.

அப்படியானால் மாற்று என்ன? பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம். 60 சொற்களை 30 ஆகக் குறைத்து, மீதி இடத்தில் கடையில் நடப்பதை வரிசையாக எழுதலாம். ஸ்பெயின் சந்தைக் கடையில் பலரும் போய் நின்றதும் கேட்பது 'கியேன் எஸ் எல் ஊல்திமோ?', அதாவது 'கடைசி ஆள் யாருங்க?' பிறகு விலை கேட்க 'ஆ குவாந்தோ எஸ்தான் லோஸ் தொமாத்தேஸ்?', 'தக்காளி இன்னைக்கு என்ன விலை?' அடுத்து 'மே போனே' வாக்கியம். கடைக்காரர் 'ஆல்கோ மாஸ்?' என்பார், 'வேற ஏதாவது?' போதும் என்றால் 'நாதா மாஸ், கிராசியாஸ்.' கடைசியில் 'குவாந்தோ எஸ்?', 'மொத்தம் எவ்வளவு?' இந்த ஆறு வரிகளில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

நான் இதை எழுதிக் கொடுத்ததும் மாணவி பத்து நிமிடத்தில் தக்காளி, முட்டை, அரிசி மூன்றையும் 'வாங்கி' முடித்துவிட்டாள். முட்டைக்கு 'ஊனா தொசேனா தே உவேவோஸ்', ஒரு டசன் முட்டை, என்று தானே சொன்னபோது 'தே' சரியான இடத்தில் விழுந்தது. நான் திருத்தவில்லை.

ஆசிரியர் நண்பர்களே, நம் வகுப்பறைச் சொற்பட்டியல்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'சந்தை' என்ற தலைப்பில் கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என்று எழுத வைக்கிறோம். 'ஒரு கட்டு கீரை கொடுங்க' என்று பேச வைக்கிறோமா? வாய்மொழித் தேர்வில் பிள்ளைகள் திணறும்போது சொல்வளம் போதவில்லை என்கிறோம். சொல் இருந்திருக்கும், அதைக் கோக்கும் கயிறு இருந்திருக்காது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த மொழியானாலும் புதிய பெயர்ச்சொல் ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போது, அது வரும் ஒரு முழு வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தச் சொல் எந்த ஊரில் வழங்குகிறது என்பதையும் எழுதுங்கள்.

புறப்படும்போது மாணவி கேட்டாள், "டீச்சர், அங்கேயும் கொசுறு கொடுப்பாங்களா?" கொடுப்பார்கள். பெரு, எக்குவடோர் பக்கம் அதற்கு 'யாப்பா' என்று பெயர், கெச்சுவா மொழிச் சொல். மெக்சிகோவில் 'பிலோன்'. தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் அவளே இரண்டையும் எழுதிக்கொண்டாள், நாட்டின் பெயரோடு.