பெயரற்ற பயணிகள்

எங்கள் பனமலையில் கடல் இல்லை. குன்றும் ஏரியும் பல்லவர் எழுப்பிய கற்றளியுமே உண்டு. ஆயினும் சிறுவயதில் கப்பலை நான் அறிந்தது ஒரு தகரப் பெட்டியால். பினாங்கில் கடை ஊழியராயிருந்த என் தாய்மாமா கொண்டுவந்த அப்பெட்டியின் மேல் அவர் பெயரும் ஊரும் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருந்தன. பின்னாளில் கப்பற்பயணம் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தபோது, அவரைப் போன்றோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதைக் கண்டேன். அக்குறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரபு மொழியில் பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் சொல், திரையை விலக்கி வெளிப்படுத்துதல் என்ற பொருளுடைய வேரினின்று பிறந்தது. மாந்தரின் குணத்தை வெளிப்படுத்துவதாலேயே பயணத்திற்கு அப்பெயர் வந்தது என்பர் மொழி வல்லார். இதற்கு 1880-இல் நிகழ்ந்த ஜித்தா என்னும் கப்பலின் கதையை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சிங்கப்பூரின் அரபு வணிகக் குடும்பமான அல்ஸகாஃப் குடும்பத்தாருக்கு உரியது அக்கப்பல். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளுடன் அவ்வாண்டு ஜூலையில் பினாங்கை விட்டுப் புறப்பட்டது. புயலில் கொதிகலன்கள் ஆட்டம் கண்டன. கப்பலுக்குள் நீர் ஏறியது. தலைவனும் அதிகாரிகள் சிலரும் கப்பல் உரிமையாளரின் உறவினர் ஒருவரும் படகேறித் தப்பினர். வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டு ஏடனை அடைந்த அவர்கள், ஜித்தா மூழ்கிவிட்டது என்றே அறிவித்தனர். ஆனால் அது மூழ்கவில்லை. கைவிடப்பட்ட பயணிகள் இறைத்த நீரே கப்பலைக் காத்தது. விரைவிலேயே மற்றொரு கப்பல் அதனை இழுத்துக்கொண்டு ஏடன் துறைக்குள் நுழைந்தது! கைவிட்டவர் யார், காத்தவர் யார் என்பது உலகறிய வெளிப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டதே, மாலுமியாயிருந்து எழுத்தாளரான ஜோசப் கான்ராட் 1900-இல் நூலாக்கிய 'லார்ட் ஜிம்' நாவல். குற்றம் செய்தவனின் மனச்சான்று அவனை எவ்வாறு அலைக்கழிக்கிறது என்பதை இவ்வளவு நுட்பமாக ஆய்ந்த நாவல்கள் சிலவே. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் நாவலில் கப்பலேறும் எண்ணூறு ஹாஜிகளில் ஒருவருக்கேனும் பெயர் உண்டா? இல்லை. அவர்களை வழிநடத்தும் அரபியருக்குக் கூட இல்லை. பின்பகுதியில் வரும் மலாய் மாந்தர்க்குப் பெயரும் பெருமையும் தந்த ஆசிரியர், கப்பலின் தளத்தில் படுத்திருந்தோரை ஒரு திரளாகவே விட்டுவிட்டார். குதித்தோடியவனுக்கு ஒரு முழு நாவல். நீரிறைத்துக் கப்பலைக் காத்தவர்க்கு ஒரு பெயருமில்லை.

அயலாரைக் குறைகூறி நாம் அமைதிகொள்ள இயலாது. நம் பங்கு என்ன? 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைகளுக்கிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் அதன் தளத்தில் பாய் விரித்துக் கடலைக் கடந்தனர். ரஜுலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் அவ்வழியில் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அக்கப்பற் போக்குவரத்தும் அதனோடு முடிந்தது. பம்பாயிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களும் 1995-உடன் நின்றுவிட்டன.

இவ்வளவு பெரிய வாழ்க்கை தமிழில் எந்த அளவு பதிவாயிற்று? ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. கடலைத் தமிழுக்குள் கொண்டுவந்த அருமையான நூல் அது. எனினும் அதிலுள்ள கடற்பயணம் போர்க்காலத்துத் தோணிப் பயணம். ரஜுலாவின் டெக் அன்று. நம் சமுதாயத்தாரோ கப்பலில் சென்று ஈட்டிய பொருளால் பள்ளிவாசலும் மதரஸாவும் கட்டினர். சென்ற பயணத்தை எழுதவில்லை. இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'வைப் பாடமாகப் படித்த நாங்களும், எங்கள் வீட்டுப் பெரியவரின் ரிஹ்லாவைக் கேட்டு எழுதத் தவறினோம்.

இன்று கப்பல் வேறு வடிவில் திரும்பியுள்ளது. 1891-இல் ஜெர்மானியக் கம்பெனி ஒன்று, குளிர்காலத்தில் வருவாய் குன்றிய தன் ஆகஸ்டா விக்டோரியா கப்பலை 241 பேருடன் மத்தியதரைக் கடலில் உல்லாசமாகச் சுற்றிவர அனுப்பியது. இன்றைய சொகுசுக் கப்பல் தொழிலின் முன்னோடிகளுள் ஒன்று அது. 1958-இல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபின், ஊர் சேர்க்கும் கப்பல்கள் படிப்படியாக மறைந்தன. சுற்றிக்காட்டும் கப்பல்கள் பெருகின. சென்னையிலிருந்தும் 2022 ஜூனில் அத்தகைய கப்பலொன்று புறப்பட்டது. முன்பு கப்பல் வழியாக இருந்தது. இப்போது கப்பலே ஊராகிவிட்டது. இன்புறுதல் குற்றமன்று. ஆனால் அக்கப்பல்களின் கீழ்த்தளங்களில் இந்தியரும் பிலிப்பினோக்களும் இந்தோனேசியரும் மாதக்கணக்கில் உழைக்கின்றனர். விளம்பரத் தாளில் நீச்சல் குளத்தின் படம் உண்டு. அவர்கள் உறங்கும் அறையின் படம் இல்லை. பழைய டெக் பயணி மறையவில்லை. இடம் மாறியிருக்கிறார், அவ்வளவே.

சிதம்பரம் கப்பலில் இருபது வயதில் சென்றவருக்கு இன்று அறுபதுக்கு மேலாகிறது. ரஜுலாவில் ஏறியவர் இன்னும் மூத்தவர். வாசக அன்பர்கள் தம் இல்லத்துப் பெரியவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர வேண்டுகிறேன். எந்தத் துறையில் ஏறினார், எங்கே படுத்தார், என்ன உண்டார், திசை தெரியாத கடலில் கிப்லாவை எவ்வாறு அறிந்து தொழுதார், அருகில் படுத்திருந்தவர் பெயர் என்ன? இவற்றைக் கேட்டு எழுதுங்கள். என் தாய்மாமாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது பெட்டி மட்டுமே எஞ்சியிருந்தது.