தாய்க்கு எழுதிய டாக்டர்

கானன் டாயில் தம் தாயாருக்கு எழுதிய கடிதங்கள் 2007-ல் பெரிய புத்தகமாக வெளிவந்தன. விடுதிப் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நாள் முதல் 1920-ல் தாயார் இறக்கும் வரையில், 50 வருஷங்களுக்கு மேல் எழுதியவை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை ரசித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்பேன். அவருடைய சில நாவல்களைவிட இக்கடிதங்கள் உயர்ந்த எழுத்து என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் எழுதியவர் மட்டுமல்ல. யாருக்கு எழுதினாரோ, அந்த அம்மாளும்தான்.

மேரி டாயிலின் புருஷன் குடிகாரர். எடின்பரோவில் குறைந்த வருமானத்தில் பல குழந்தைகளை வளர்த்தவள். வம்சப் பெருமை மிகுதி. ஒரு கையால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே மறு கையில் பிரெஞ்சுப் பத்திரிகையைப் பிடித்துப் படிப்பாளாம். கதை சொல்லும்போது முக்கியமான கட்டம் வந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவாளாம். இதையெல்லாம் பிள்ளையே பிற்காலத்தில் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

1880-ல், 20 வயதில், வைத்தியப் படிப்பு முடிவதற்கு முன்பே 'ஹோப்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் சர்ஜனாகச் சேர்ந்து வட துருவக் கடலுக்குப் போனார் டாயில். பனிக்கட்டியிலிருந்து நழுவி அடிக்கடி கடலில் விழுந்ததால், முக்குளிக்கும் பறவை ஒன்றின் பெயரையே காப்டன் அவருக்குச் சூட்டிவிட்டார். திரும்பி வந்தபோது, சம்பாதித்த பணத்தைத் தங்க நாணயங்களாக உடுப்புகளின் பைகளிலெல்லாம் ஒளித்து வைத்தார். தாயார் தேடித் தேடி எடுத்து மகிழட்டும் என்று! ஏறக்குறைய 50 பவுன் அவளுக்குக் கிடைத்தது. துப்பறியும் கதாசிரியன் வாசகனுக்குச் செய்வதும் இதுவேதான்.

தூரதேசத்திலிருந்து தாய்க்கு எழுதும் பிள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆபத்தைச் சொன்னால் அவள் பயப்படுவாள். சொல்லாவிட்டால் தன் தைரியம் அவளுக்குத் தெரியாமல் போய்விடும். கொஞ்சம் அளந்தாலோ உடனே கண்டுபிடித்துவிடுவாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற நிதானம் இங்கே தானாகவே வந்து சேருகிறது. நாவலாசிரியன் கற்க வேண்டிய முதல் பாடமும் அதுதான்.

இந்த வாசகி எதிரில் இல்லாதபோது டாயிலின் எழுத்து தளர்ந்துவிடுகிறது. 1895-ல் வந்த 'ஸ்டார்க் மன்ரோ கடிதங்கள்' என்ற நாவலைப் பாருங்கள். இளம் டாக்டர் ஒருவன் அமெரிக்காவிலுள்ள சிநேகிதனுக்கு எழுதும் கடிதங்கள் அவை. இவனுடைய கூட்டாளி, இவன் தாயார் எழுதிய கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படித்துவிடுகிறான். தன்னைப் பற்றிய கடுமையான வார்த்தைகளைக் கண்டு உள்ளுக்குள்ளே கறுவுகிறான். பிறகு, கிழித்துப் போட்ட கடிதத்தின் துண்டுகள் அகப்பட்டன என்று புளுகுகிறான். கடிதமோ கிழியாமல் இவன் உடுப்பின் பையிலேயே இருக்கிறது! 1882-ல் டாயிலுக்கே நேர்ந்த அனுபவம் இது. நாவலில் உயிருள்ள பகுதியும் இதுதான். மற்ற இடங்களில் மதம், பிரபஞ்சம் என்று பக்கம் பக்கமாகப் பிரசங்கம். சிநேகிதன் குறுக்கே பேசுவதில்லை. அதனால் வந்த வினை. தாயாராக இருந்தால், "அது கிடக்கட்டும், வாடகை கொடுத்தாயா?" என்று கேட்டு நிறுத்தியிருப்பாள்.

வாட்ஸன் விஷயம் வேறு. 1887-ல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் கதையிலேயே, அயல்நாட்டில் அடிபட்டு லண்டன் திரும்பும் ராணுவ சர்ஜனாக அவன் வருகிறான். அவன் காயம்பட்ட மைவாந்த் யுத்தம் நடந்தது 1880-ல். டாயில் கப்பலில் இருந்த அதே வருஷம். ஆனால் வாட்ஸனுக்கு இங்கிலாந்தில் உற்றார் உறவினர் எவரும் கிடையாது. கடிதம் எழுதுவதற்குத் தாய் இல்லாத சர்ஜன் அவன். அவளுக்கு எழுத வேண்டியதையெல்லாம் நமக்கு எழுதுகிறான். அந்தக் குரலின் நெருக்கத்துக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1891-ல், ஹோம்ஸைக் கொன்றுவிடப் போவதாகப் பிள்ளை எழுதியபோது, கூடாது என்று தடுத்தவளும் தாயார்தான். புதுக் கதை ஒன்றுக்குக் கருவும் கொடுத்தாள். ஹோம்ஸ் மேலும் 2 வருஷம் பிழைத்தான்.

அந்த அம்மாள் எழுதிய பதில்கள் புத்தகத்தில் அநேகமாக இல்லை. பிள்ளையின் கடிதங்களை அவள் காப்பாற்றி வைத்தாள். அதனால் நமக்குப் பிள்ளை கிடைத்தான், அவள் கிடைக்கவில்லை.